ஒரு தாலி, இரண்டு கேமரா, ஒரு குழு!



ஆண்டு மலர் என்றாலே நம் கல்லூரியில் கவிதைக்குப் பஞ்சம் இருக்காது. நிலாவைப் பற்றி எழுதுவார்கள், நட்பைப் பற்றி எழுதுவார்கள், அம்மாவைப் பற்றி எழுதி நம்மை அழ வைப்பார்கள். எழுதட்டும். நான் எழுத வந்தது கல்யாண வீட்டில் நம் முகத்துக்கு நேரே லைட்டை அடிக்கிறார்களே, அந்த போட்டோ, வீடியோக்காரர்களைப் பற்றி. "இதெல்லாம் மலர்ல போடுற விஷயமாடா?" என்று மெக்கானிக்கல் நண்பர் ஒருவர் கேட்டார். ஏன் போடக்கூடாது? முகூர்த்த நாள் வந்தால் நம்மில் எத்தனை பேர் பந்தி பரிமாறவும் பந்தல் கட்டவும் லைட் பிடிக்கவும் போகிறோம்! பரீட்சை ஃபீஸும் செல் ரீசார்ஜும் அதில்தானே ஓடுகிறது?

நான் லைட் பிடிக்கிறவன். திருவாடானை, தொண்டி, ஆர்.எஸ்.மங்கலம், தேவகோட்டை என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களுக்கு இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு 700 ரூபாய், சாப்பாடு உண்டு. மேடையில் என் இடம் ரொம்ப விசேஷமான இடம். போட்டோக்காரர், "தம்பி, லைட்டை இந்தப் பக்கம் சாய்" என்பார். சாய்ப்பேன். அடுத்த நொடி வீடியோக்காரர், "டேய், யாரைக் கேட்டுடா திருப்புன?" என்பார். இருவருமே பெரியவர்கள், இருவருமே தொழில் தெரிந்தவர்கள். ஆனால் இருவரும் வேறு வேறு கடை. ஒருவரை மாப்பிள்ளை வீட்டார் அழைத்திருப்பார்கள், ஒருவரைப் பெண் வீட்டார். நடுவில் நிற்கும் நான்தான் மத்தளம். அதனால் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் போட்டோவும் வீடியோவும் ஒரே குழுவின் கையில், ஒரே பொறுப்பாளரின் கீழ் இருக்க வேண்டும். கவனியுங்கள், ஒரே குழு என்றுதான் சொல்கிறேன். ஒரே ஆள் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம்மைப் போன்றவர்களின் சம்பளமும் இருக்கிறது, கல்யாண வீட்டாரின் ஞாபகமும் இருக்கிறது.

முதலில், இந்தத் தொழில் ஏன் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது? யாரும் யோசித்துப் பிரிக்கவில்லை. இயந்திரம் பிரித்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சுவரில் வரிசையாகக் கருப்பு வெள்ளைப் படங்கள் தொங்கும். மாப்பிள்ளை நாற்காலியில், பொண்ணு பக்கத்தில் நின்றுகொண்டு, இருவரும் கேமராவை முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு ஒரே ஒரு போட்டோக்காரர். அவர் கையில் 120 ரோல். சதுரப் படமாக எடுத்தால் 12தான் வரும். பிறகு 35 எம்.எம். வந்தது, 36 படம். எண்ணி எண்ணித்தான் அமுக்குவார்கள். இருட்டறையில் கழுவிப் பழகிய கை அது.

வீடியோ வந்த வழி வேறு. 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் கலர் டி.வி. வந்தது. அதன் பின்னாலேயே வி.சி.ஆர். வந்தது. நம் ஊர்களில் அதற்கு 'டெக்' என்று பெயர். டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த கதையை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஆசை ஆசையாகச் சொல்வார்கள். அந்த டெக் வாடகைக் கடைக்காரர்களும் டி.வி. மெக்கானிக்குகளும்தான் பல ஊர்களில் முதல் வீடியோக்காரர்கள். தோளில் வைக்கும் பெரிய வி.எச்.எஸ். கேமரா, கையில் 'சன் கன்' லைட். அந்த ஆலஜன் லைட்டின் சூட்டில் பொண்ணின் பவுடர் வழிந்து சட்டையெல்லாம் நனைந்து, பார்க்கவே பாவமாக இருக்குமாம். ரோஜாப் பூவுக்குள் மாப்பிள்ளை தலை, இதயத்துக்குள் பொண்ணு தலை என்று மிக்ஸிங் போடுவார்கள். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது பெரிய டெக்னாலஜி!

ஆக, ஒருவர் கெமிஸ்ட்ரி படித்தவர், ஒருவர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி வேறு, முதலீடு வேறு, கடை வேறு. அதனால் தொழிலும் இரண்டு. இதில் யார் மீதும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் காரணம் 2008லேயே செத்துப்போய்விட்டது. அந்த வருஷம் ஆகஸ்டில் நிக்கான் நிறுவனம் டி90 என்ற கேமராவை அறிவித்தது. வீடியோ எடுக்கத் தெரிந்த முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ எடுக்கும் அதே கருவியில், அதே லென்ஸில், முழு எச்.டி. வீடியோ! ஒரு தடவை அமுக்கினால் சுமார் 12 நிமிஷம்தான் ஓடும், கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது என்பது ஒரு தொல்லை. இன்னொரு தொல்லை, நம் இ.சி.இ. தோழர்களுக்குச் சொன்னால் பிடிக்கும். அது முதலில் நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டும்தான் எடுத்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 தடவை கண் சிமிட்டும். 25 ஃப்ரேமில், ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் அந்தச் சிமிட்டல் தெரியாது. 30 வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற ஷட்டர் வைக்காவிட்டால் மண்டபமே மினுக் மினுக்கென்று அடிக்கும். 25 ஃப்ரேம் வசதியை கேனான் 2010 மார்ச்சில்தான் சாஃப்ட்வேர் மாற்றமாகக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் 'கேண்டிட்' என்ற வார்த்தை சென்னையிலிருந்து மெல்ல மெல்ல நம் பக்கம் இறங்கியது. இப்போது கல்யாணப் பேச்சில் தாம்பூலம் மாற்றும்போதே, "டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ" என்று நான்கு அயிட்டம் பேசுகிறார்கள். நான்கு கேமரா. சில வீட்டில் நான்கு கடை!

கருவி ஒன்றாகிவிட்டது. மனுஷன் மட்டும் இன்னும் இரண்டாக நிற்கிறான்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டு நஷ்டத்தையே சொல்கிறேன். 2023ல் எங்கள் அக்கா கல்யாணம். அப்பா குவைத்தில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. சித்தப்பாதான் அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்தார். நம்ம பக்கத்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. கடலோரம் பாதி வீட்டில் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவர்கள் படமாகத்தான் பார்ப்பார்கள். போட்டோவுக்கு ஒரு கடை, வீடியோவுக்கு ஒரு கடை பேசியிருந்தோம். கடன் வாங்கித்தான் பேசினோம். வீடியோ அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரி போன் பண்ணினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தாலி கட்டுறப்ப மட்டும் ஒருத்தர் முதுகுதான்டா தெரியுது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. போட்டோக்காரர் குறுக்கே வந்து எடுத்திருக்கிறார். அவரைச் சொல்லியும் பயன் இல்லை. அவருக்குத் தாலி கட்டும் படம் வேண்டும், இல்லாவிட்டால் ஆல்பத்துக்கு நாங்கள் காசு கொடுப்போமா? வீடியோக்காரருக்கும் அதே இடம்தான் வேண்டும். மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரம்? அதற்குள் இருவரும் இடம் பிடிக்கப் போட்டி போட்டால் யாராவது ஒருவர் முதுகு இன்னொருவர் படத்தில் விழத்தானே செய்யும்!

ஆல்பத்தில் தாலி இருக்கிறது, அம்மா முகம் இல்லை. வீடியோவில் அம்மா முகம் இருக்கிறது, தாலி இல்லை. இரண்டுக்கும் காசு கொடுத்தோம்.

இடம் மட்டும் பிரச்சினை இல்லை, நண்பர்களே. வெளிச்சம் அதைவிடப் பெரிய பிரச்சினை. கெட்டி மேளம் கொட்டும் நேரத்து வீடியோவை எடுத்துப் பாருங்கள். படத்தின் மேல் பாதி வெளேரென்றும் கீழ்ப் பாதி சாதாரணமாகவும் வெட்டி வெட்டித் தெரியும். கேமரா ரிப்பேர் என்று பலர் நினைக்கிறார்கள். ரிப்பேர் இல்லை. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் படத்தை மொத்தமாகப் படிக்காது. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கும். போட்டோக்காரரின் ஃப்ளாஷ் கண் சிமிட்டும் நேரம்கூட எரியாது, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போலத்தான். அந்த நொடியில் எந்த வரிசைகள் திறந்திருக்கின்றனவோ அவை மட்டும் வெளுத்துப்போகும். மற்றவை அப்படியே இருக்கும். அதுதான் அந்தப் பட்டை. நாலு ஃப்ளாஷ் மாறி மாறி அடித்தால், அக்கா கழுத்தில் தாலி ஏறும் காட்சி மழை நாளில் மின்னல் வெட்டிய மாதிரி இருக்கும்.

இதற்கு வைத்தியம் சுலபம். தாலி கட்டும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஃப்ளாஷை அணைத்துவிட வேண்டும். இரண்டு எல்.இ.டி. லைட்டை உயரத்தில் நிலையாக வைத்து, போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒரே வெளிச்சம். போட்டோக்காரர் ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் போதும், இன்றைய கேமரா தாங்கும். நிறமும் ஒத்துப்போகும். ஆலஜன் லைட் சுமார் 3200 கெல்வின், மஞ்சள். ஃப்ளாஷ் பகல் வெளிச்சம் மாதிரி, 5500க்குப் பக்கம். ஒரே பட்டுப்புடவை ஆல்பத்தில் ஒரு கலரிலும் வீடியோவில் இன்னொரு கலரிலும் தெரிவதற்கு இப்படி ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் காரணம். ஆனால் யார் யாரிடம் போய் "உங்க ஃப்ளாஷை அணைங்க" என்று சொல்வது? வேறு கடைக்காரர் சொன்னால் சண்டைதான் வரும். வந்தும் பார்த்திருக்கிறேன். ஒரே குழுவாக இருந்தால் முதல் நாள் ராத்திரி டீக்கடையிலேயே இது பேசி முடிந்துவிடும். தாலிக்கு நீ இடது, நான் வலது; தாய்மாமன் சீருக்கு நான் முன்னால், நீ பின்னால்; எல்லாக் கேமராவிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வை, எடிட்டிங்கில் படத்தையும் வீடியோவையும் வரிசை சேர்ப்பது சுலபம். முக்கியமாக, தாய்மாமன் யார், அத்தை யார், மொய் எழுதுகிறவர் யார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதை ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும். இப்போது பொண்ணோட அப்பாவிடம் நான்கு பேர் நான்கு தடவை கேட்கிறார்கள். அவர் பந்தியைக் கவனிப்பாரா, இவர்களுக்குப் பதில் சொல்வாரா?

ட்ரோனும் அப்படித்தான். இப்போதெல்லாம் மண்டபத்துக்கு மேலே ட்ரோன் பறக்காவிட்டால் கல்யாணமே இல்லை என்கிறார்கள். 2021ல் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்றும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருக்கிறது, மறந்துவிடக்கூடாது. நான்கு கடை வந்தால் இதை யார் பார்ப்பார்கள்? அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் இருப்பார்கள்.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. 2017 டிசம்பரில் விராட் கோலி, அனுஷ்கா சர்மா கல்யாணம் இத்தாலியில் நடந்தது. போட்டோ எடுத்தவர் ஜோசப் ராதிக். வீடியோ எடுத்தது 'தி வெட்டிங் ஃபிலிமர்' என்ற வேறு குழு. இரண்டுமே நாடே பார்த்துப் பாராட்டிய வேலை. அப்படியிருக்க, ஒரே குழு எதற்கு என்று கேட்கலாம். பதில் இருக்கிறது. அது விருந்தினர்கள் குறைவான கல்யாணம். இரண்டு குழுவும் தத்தம் வேலையில் கை தேர்ந்தவை. ஆளும் நேரமும் தாராளமாக இருந்தால் இரண்டு கடையும் கலந்து பேசித் திட்டம் போடலாம்தான். திருவாடானையில் ஆதிரெத்தினேஸ்வரர் கோயிலில் தாலி கட்டிவிட்டு ஒன்பது மணிக்குள் மண்டபத்துக்கு ஓடி, பதினொரு மணிக்குள் 500 பேருக்குப் பந்தி முடிக்கிற நம் கல்யாணத்தில் எவர் எவருடன் கலந்து பேசுவார்? இங்கே ஒரே தலைமை இருந்தால்தான் பேச்சே நடக்கும்.

இப்போது நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

'போட்டோ வீடியோ காம்போ' என்று நோட்டீஸ் அடித்து, ஒரே பையன் கழுத்தில் ஒரு கேமரா, கையில் கிம்பலில் ஒரு கேமரா மாட்டி அனுப்புகிறவர்களும் வந்துவிட்டார்கள். கல்யாண வீட்டாருக்குக் காசு மிச்சம் மாதிரி தெரியும். முதலாளிக்கு ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அந்தப் பையனுக்கு? ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகும். "4கே வீடியோவிலிருந்தே படத்தை உருவிக்கலாம் சார்" என்று ஒருவர் கல்யாண வீட்டாரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 4கே ஃப்ரேம் என்பது 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி. கரிஸ்மா ஆல்பத்தில் விரித்தால் ஒரு பக்கம் 36 இஞ்ச். 3840ஐ 36ஆல் வகுத்தால் ஒரு இஞ்சுக்கு 106 புள்ளிதான் வரும். நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும் என்பார்கள். அதோடு, வீடியோவுக்கு ஐம்பதில் ஒரு பங்கு நொடி ஷட்டர். அட்சதை போடும் கை அதில் கலங்கித்தான் தெரியும். ஆகவே இந்த 'காம்போ' ஏமாற்று வேலை என்று தைரியமாகச் சொல்லுவேன். குழு என்றால் போட்டோவுக்குக் குறைந்தது ஒரு ஜோடிக் கை, வீடியோவுக்கு ஒரு ஜோடிக் கை, லைட்டுக்கு ஒரு ஆள், எல்லோரையும் கட்டி மேய்க்க ஒரு தலை. லைட் ஆளை விட்டுவிட்டு எழுதினால் என்னை என் சக தொழிலாளிகளே மன்னிக்க மாட்டார்கள்!

இன்னொரு பயமும் உண்டு. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய கம்பெனிகள் வந்து, "எல்லாம் எங்ககிட்டயே" என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். முப்பது வருஷமாக இங்கே கடை வைத்திருக்கும் அண்ணன்மார்கள் அவர்களிடமே நாள் கூலிக்குப் போகிறார்கள். கல்யாண வீட்டார் கொடுப்பதில் பெரும் பங்கு பைபாஸ் ஏறிப் போய்விடுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இதற்குப் பதில் பிரிந்து நிற்பது அல்ல. நம் ஊர் போட்டோக்கடை அண்ணனும் வீடியோக்கடை அண்ணனும் ஒரே போர்டின் கீழ் கூட்டாளியாகச் சேர்வதுதான் பதில். யார் தலைமை என்ற கௌரவப் பிரச்சினையில்தான் இது நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கல்யாணத்துக்கு அவர், அடுத்த கல்யாணத்துக்கு இவர் என்று வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

வெளியூர்க் கம்பெனிக்குத் தெரியாத ஒன்று இவர்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் கல்யாணம் ஒரே மாதிரி இல்லை. கோயில் கல்யாணம் ஒரு மாதிரி. தொண்டியில் நிக்காஹ் என்றால் ஆண்கள் பகுதி வேறு, பெண்கள் பகுதி வேறு. ஓரியூர்ப் பக்கம் சர்ச்சில் திருப்பலி நடக்கும்போது பீடத்துக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கக்கூடாது, சாமியார் ஒரு பார்வை பார்ப்பார், அத்தோடு சரி! ஒவ்வொன்றுக்கும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஒரு நிக்காஹில் பெண்கள் பகுதிக்குள் போக யாருமே இல்லாமல், பொண்ணோட தங்கச்சி செல்போனில் எடுத்துக் கொடுத்ததை வைத்து ஆல்பம் முடித்தார்கள். குழுவில் கேமரா பிடிக்கத் தெரிந்த ஒரு பெண் இருந்தால் இந்த நிலைமை வருமா? கோயில் கல்யாணத்திலும் பொண்ணு அலங்கார அறைக்குள் ஆம்பளை கேமராக்காரர் போய் நின்றால் எத்தனை பெண்கள் கூச்சப்படுகிறார்கள் தெரியுமா? தனித் தனிக் கடையில் பெண்ணை வேலைக்கு வைக்கத் தயங்குவார்கள், ராத்திரி எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று யோசிப்பார்கள். நாலைந்து பேர் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பும் குழு என்றால் வீட்டிலும் தைரியமாக அனுப்புவார்கள். நம் வகுப்புத் தோழிகளே, இது உங்களுக்குத்தான்.

ஒரே குழுவிடம் கொடுத்தால் கார்டு போனால் எல்லாமே போச்சே என்ற கேள்வியும் வரும். நல்ல கேள்வி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். படங்கள் தனி. ஒரு கல்யாணம் சாதாரணமாக 300 ஜி.பி.யைத் தொட்டுவிடும். தனித் தனிக் கடையாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவைப் பார்த்துக்கொண்டு ஒரே காப்பியோடு விட்டுவிடுகிறார்கள். குழு என்றால் இரண்டு கார்டு போடும் கேமரா, அன்று ராத்திரியே இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு ஒருவர் வீட்டில். இதைக் கட்டாயமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் அம்மா அப்பா கல்யாணம் 2000ல். அந்த வி.எச்.எஸ். கேசட் எங்கள் பீரோவில் இருக்கிறது. உப்புக்காத்தில் டேப் முழுக்கப் பூஞ்சை. போட்டுப் பார்க்க டெக்கும் கிடையாது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆல்பத்தில் மட்டும் அம்மா பதினெட்டு வயதில், என் வயதில், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா குரல் அன்றைக்கு எப்படி இருந்தது, தாத்தா என்ன பேசினார் என்பதெல்லாம் அந்தக் கேசட்டோடு போச்சு. படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் ஏதாவது ஒன்று இப்படித்தான் தொலையும்.

சட்டம்கூட இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் சரி, படச்சுருளுக்கும் சரி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவர்தான் முதல் உரிமைக்காரர். ஆனால் நடப்பது என்ன? கல்யாணம் முடிந்த மறுநாளே பொண்ணு படம் கடைக்காரரின் இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகிறது. யாரும் கேட்பதில்லை. நான்கு கடை என்றால் நான்கு பக்கத்தில். ஒரே குழு, ஒரே ஒப்பந்தத் தாள், அதில் 'வெளியிட சம்மதம் உண்டு / இல்லை' என்று ஒரு வரி, பொண்ணு கையெழுத்து. பொண்ணோட அப்பா கையெழுத்து அல்ல, பொண்ணு கையெழுத்து! இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"அதுசரி, டிப்ளமோ படிச்சிட்டு கல்யாண வீட்டு வேலைக்கா?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு நான் ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அவர் ஆசையில் தப்பில்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். பி.சி.ஸ்ரீராமும் ராஜீவ் மேனனும் படித்து வந்த அந்தச் சென்னைத் திரைப்படக் கல்லூரி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1945ல், சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக! ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நம்மைப் போன்ற பாலிடெக்னிக்தான் தாய்வீடு. ஃப்ளாஷ் ஏன் பட்டை அடிக்கிறது என்று ஓமும் ஹெர்ட்ஸும் படித்த நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? கடன் வேண்டுமென்றால் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. 2012-13ல் கொண்டுவந்தார்கள், 25 சதவீதம் மானியம், ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். 21 வயது ஆக வேண்டும் என்பதுதான் இடிக்கிறது. எனக்கு இன்னும் மூன்று வருஷம்!

அதுவரை சும்மா இருக்கவா? ஊரில் ஒரு போட்டோக்கடை அண்ணனும் ஒரு வீடியோக்கடை அண்ணனும் ஆவணியில் வரும் ஒரு கல்யாணத்தைச் சேர்ந்து செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போச்சு, அது வேறு கதை. தாலிக்கு ஃப்ளாஷ் கிடையாது என்று இருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு லைட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒன்று நான். பெண்கள் பக்கம் எடுக்க ஒரு தோழி வேண்டும். கேமரா அவர்களே தருவார்கள், சம்பளம் மற்றவர்களுக்குச் சமம், வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் அண்ணனே பேசுவார். ராத்திரி டேட்டா இறக்கி இரண்டு காப்பி எடுக்க, தூக்கம் வராத கம்ப்யூட்டர் பிரிவு நண்பர் ஒருவரும் தேவை. விருப்பமுள்ளவர்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேப் படிக்கட்டுக்கு வாருங்கள். டிபன் பாக்ஸோடு அங்கேதான் இருப்பேன்.

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை